எடுக்காத போனுக்கு ஒரு பாட்டு

மணிகண்டராஜிடம் அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கேட்காத ஆள் இப்போது கிடையாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்திருக்கிறான். ஒரு யூடியூப் சேனலில், கல்லூரிக் காலத்தில் மதுரை பஸ்ஸில் பார்த்த ஒரு பெண் என்றான். இன்னொன்றில், கனவில் வந்த மெட்டு என்றான். அடுத்து வந்தவர்கள் ரொம்பவும் நச்சரித்ததால், ஒரு மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்றான். வறண்ட விருதுநகர் மாவட்டத்தில் மழை நாளைத் தேடிப் பிடித்துப் பாட்டுக் கட்டியவன் என்ற பெருமை அதனால் அவனுக்குச் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். வெளியூர்க்காரர்கள் நம்பிவிட்டார்கள்.

படத்தில் அந்தப் பாட்டுக்குக் கதாநாயகன் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்பான். போன் அடித்துக்கொண்டே இருப்பான். கதாநாயகி எடுக்க மாட்டாள். படம் ஓடியதோ இல்லையோ, பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. காதலில் தோற்றவர்கள் எல்லாரும் அதை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்கள். அது ஒருவன் கட்டின பெண்டாட்டியை நினைத்து, அதுவும் அவளிடம் காலையில் சண்டை போட்டுவிட்டு சாயங்காலம் பாடின பாட்டு என்று தெரிந்தால், பாதிப் பேர் அழித்துவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

மணிகண்டராஜின் குழுவுக்கு 'கந்தகம்' என்று பெயர். மொத்தம் மூன்று பேர். மணிகண்டராஜ் பாடுவான், பேஸ் கிட்டாரும் அவனே. டிரம்ஸ் செந்தூர்பாண்டி, அவன் வீட்டாருக்குத் திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் இருக்கிறது. கிட்டார் சபரிநாதன், விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற குடும்பம். சபரி உள்ளே நுழைந்தால் அவன் சட்டையிலிருந்து வத்தல் நெடி கிளம்பும், மற்ற இருவரும் தும்மி முடித்த பிறகுதான் பிராக்டிஸ் ஆரம்பிக்கும். அச்சகத்துக் குடோனில்தான் வாசிப்பார்கள். சுவரோரம் அடுக்கிய காலண்டர் கட்டுகள் சத்தத்தைக் குடித்துவிடும் என்பது செந்தூர்பாண்டியின் கணக்கு. அப்படியும் தெருவில் புகார் வந்தது. வருஷம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனிகளின் வெடிச் சத்தத்தில் வளர்ந்த ஊருக்கே தாங்கவில்லை என்றால் அது எப்படிப்பட்ட இசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் அவர்களைத் தேடிப் பிடித்தார். படத்தில் மூன்று சண்டை, மூன்றுக்கும் பாட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கழுத்தில் கத்தி வைத்தார். மெதுவாக ஒரு பாட்டு வேண்டுமாம். கதாநாயகன் கதாநாயகிக்காகக் காத்திருக்கிற பாட்டு.

மூன்று பேரும் இரண்டு வாரமாக மல்லுக்கட்டினார்கள். எதைப் போட்டாலும் சண்டைக்குப் போகிறவன் நடுவில் ஒரு சோடா குடித்து இளைப்பாறுகிற மாதிரியே வந்தது. அன்றைக்குக் காலையில் உதவி டைரக்டர் அன்பரசன் போன் செய்தார்.

"பிரதர், நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள டெமோ வரலைன்னா, சார் அந்த ஒரு பாட்ட வேற ஆள்கிட்ட குடுத்துருவார். அப்புறம் மத்த மூணும்கூட இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

இந்தப் போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டில் சண்டை முடிந்திருந்தது.

மணிகண்டராஜின் மனைவி அனுப்பிரியா பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட். மருந்து கலக்கும் இடத்தில் எது எவ்வளவு சேர வேண்டும், எது எதனோடு சேரவே கூடாது என்று பார்க்கிற வேலை. வேதியியல் படித்தவள், அதிகம் பேசாதவள், பேசினால் சுருக்கென்று பேசுகிறவள். முந்தின நாள் சாயங்காலம் அவள் வழக்கமாக வரும் பஸ் வரவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் புருஷனுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்திருக்கிறாள். குடோனில் இருந்த இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கும்? நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். இரவு எதுவும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நான் கூப்பிட்டா நீங்க எடுக்கவே மாட்டேங்கீக."

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மெலடி வராத எரிச்சலில் இருந்தவனுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

"நீ மட்டும் எடுக்கியாக்கும்? காலைல எட்டு மணிக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஒன் போன் செத்துக் கெடக்கு. நான் என்னைக்காவது கேட்டுருக்கனா?"

அனுப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். போய்விட்டாள்.

அவன் கேட்டது அநியாயம் என்பது அவனுக்கே தெரியும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளியிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவர் வரைக்கும் எல்லாரும் வாசலில் காவலாளியிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே சுவரில் வரிசையாக நம்பர் போட்ட துணிப் பைகள் தொங்கும். சாயங்காலம் வரை போன்கள் அந்தப் பைகளில் கிடக்கும். அடித்தால் அடித்துக்கொண்டே கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். குடோனில் மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கேட்டது.

வெளியூர்க்காரன் என்றால் எங்கோ இடி இடிக்கிறது என்பான். மூன்று பேரும் உள்ளூர்க்காரர்கள். ஆர்டருக்கு முன்னால் சோதனைக்கு வெடித்துப் பார்க்கிற சத்தம் எது, விபத்துச் சத்தம் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகர ஷட்டர் அதிர்ந்தது. காலண்டர் கட்டுகளின் மேலிருந்து தூசி இறங்கியது. சபரிநாதன் முதலில் வெளியே ஓடினான். கருவேலங்காட்டுப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அனுப்பிரியாவின் கம்பெனி இருக்கிற திசை.

மணிகண்டராஜ் போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினான். மணி போனது. நின்றது. மறுபடியும் அழுத்தினான்.

இதுதான் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு. போன் வாசலில் பைக்குள் கிடக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறாள், அடித்தால் எடுக்க மாட்டாள், எடுக்க முடியாது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே அடிப்பார்கள். சத்தம் கேட்ட மறு நிமிஷம் சுத்துப்பட்டு ஊர் முழுக்கப் போன் அடிக்கும். எந்தப் படிப்பும் எந்த வசதியும் இதை மாற்றினதில்லை.

மூன்றாம் தடவை அடித்தபோது லைன் பிஸி என்று வந்தது.

மணிகண்டராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பேசிக்கிட்டு இருக்காடா," என்றான். "அனு யார்கூடயோ பேசிக்கிட்டு இருக்கா. வெளிய வந்துட்டா."

"நான்தான் சொன்னேன்ல," என்றான் செந்தூர்பாண்டி. அவன் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. "அவங்க அம்மாகூடத்தான் பேசிக்கிட்டு இருக்கும். பொம்பளப் பிள்ளைக மொதல்ல அம்மாவத்தான் கூப்பிடும்."

மூன்று பேருக்கும் திடீரென்று பசித்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கிட்டே இழுத்தார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சபரிநாதன் ஏதோ கிண்டல் செய்தான், மணிகண்டராஜ் சிரித்தான். காலையில் பேசினதற்குச் சாயங்காலம் காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்தான். போகிற வழியில் அவளுக்குப் பிடித்த சேவு வாங்கிக்கொண்டு போவது என்றும் தீர்மானித்தான். இரண்டாவது வாய் வைக்கும்போது அவனுடைய போன் அடித்தது. விருதுநகரிலிருந்து மாமியார் லட்சுமிகாந்தம்.

"மாப்ள, அனு என்ன சொன்னா? நல்லாருக்காளா?"

"உங்ககூடத்தான அத்தை பேசிக்கிட்டு இருந்தா?"

"என்கூடயா? நான் அடிச்சேன், பிஸின்னு வந்துச்சு. நீங்கதான் பேசிக்கிட்டு இருக்கீகன்னு நெனச்சு அப்பாடான்னு உக்காந்துட்டேன் மாப்ள."

 ஒரே நேரத்தில் மாமியார் அடிக்க அவனுக்குப் பிஸி, அவன் அடிக்க மாமியாருக்குப் பிஸி. நடுவில் அந்தப் போனை யாரும் எடுக்கவேயில்லை. லட்சுமிகாந்தம் அழ ஆரம்பித்தது அவனுக்குக் கேட்டது. "நான் போறேன் அத்தை," என்று மட்டும் சொன்னான்.

கையைக்கூடக் கழுவவில்லை. சபரிநாதன் பைக்கை எடுத்தான், மணிகண்டராஜ் பின்னால் உட்கார்ந்தான். போகிற வழியெல்லாம் ஒரு கையால் சபரியின் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்திக்கொண்டே வந்தான். இரண்டு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் கடைசியாகப் பேசின பேச்சில் 'செத்துக் கெடக்கு' என்ற வார்த்தை இருந்தது நினைவுக்கு வந்தது. போனைத்தான் சொன்னேன், போனைத்தான் சொன்னேன் என்று வாய்விட்டுச் சொன்னான். சபரிநாதன் திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டினான்.

கம்பெனி வாசலில் ஏற்கெனவே கூட்டம். பைக்கிலும் ஆட்டோவிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கேட் மூடியிருந்தது. காவலாளி சங்கையா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இங்கன ஒண்ணும் இல்ல. வெடிச்சது இங்கன இல்ல. எல்லாரும் நல்லாருக்காக. ஆளக் கணக்கெடுத்து முடிச்சதும் வெளிய விட்டுருவாக. தயவுசெஞ்சு போன் அடிக்காதீக. ஆபீஸ்லருந்து எனக்கு என்ன சொல்றாகன்னே கேக்க மாட்டேங்கு."

உண்மைதான். அவர் பின்னால் இருந்த அறையிலிருந்து அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிப்பு, சேவல் கூவுவது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. சங்கையா அடிக்காதீர்கள் என்று சொல்லச் சொல்ல, கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தார்கள்.

இங்கே இல்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மணிகண்டராஜுக்கு மூச்சு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக் கம்பியைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, அனுப்பிரியா. கெமிஸ்ட் அனுப்பிரியா. வெளிய வந்துட்டாளா?"

சங்கையாவின் முகம் மாறியது. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அந்த நேரத்தில் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

"அந்தப் பிள்ள காலைலயே ரெண்டாம் யூனிட்டுக்குப் போயிருச்சு தம்பி," என்றார். "ஏதோ மருந்து பாக்கணும்னு லோடு வண்டியில கூட்டிட்டுப் போனாக. போன் மட்டும் இங்கன இருக்கு."

"வெடிச்சது எங்க?"

சங்கையா புகை இருந்த பக்கம் பார்த்தார். ஒரே முதலாளியின் இரண்டாம் யூனிட் அங்கேதான், காட்டுக்குள் கொஞ்ச தூரத்தில் இருந்தது. அங்கே போகிற பாதையைத் தீயணைப்பு வண்டிக்காக அடைத்துவிட்டிருந்தார்கள். சபரிநாதன் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். விட மாட்டேன் என்கிறார்கள் என்றான்.

செய்வதற்கு எதுவும் இல்லாதபோது மனுஷன் என்ன செய்வான்? மணிகண்டராஜ் மறுபடியும் அவள் நம்பரை அழுத்தினான். போன் இங்கேதான் இருக்கிறது, அவள் அங்கே இருக்கிறாள். இதைவிடப் புத்தி கெட்ட காரியம் கிடையாது. ஆனாலும் அழுத்தினான்.

காவல் அறைக்குள் அந்த அமளிக்கு நடுவே ஒரு புதுச் சத்தம் கேட்டது. வாத்தியம் எதுவும் இல்லை. ஓர் ஆண் குரல், வார்த்தை இல்லாமல், வெறுமனே ராகம் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னணியில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும், ஏதோ துணியை உதறுகிற சத்தமும். மணிகண்டராஜ் லைனைத் துண்டித்தான். அந்தக் குரல் நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடி ஆரம்பித்தது.

அது அவனுடைய குரல்.

எங்கே பாடினான், எப்போது பாடினான் என்று அவனுக்கே பிடிபடவில்லை. சபரிநாதன் அவன் தோளைத் தொட்டான். "லே, இது யார் போட்டது? இது நம்ம பாட்டு இல்லையே."

சங்கையா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுவா? இது அந்தப் பிள்ள போனு. எப்பவாவது நடுப்பகல்ல அடிக்கும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும் தம்பி. அடிச்சா முடியிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அவள் உள்ளே இருக்கிறாள் என்பதை மறந்து மணிகண்டராஜ் நடுப்பகலில் கூப்பிட்ட நாட்கள் உண்டு. சாவி எங்கே, சிலிண்டர்காரன் வந்தானா என்று. அப்போதெல்லாம் இங்கே இந்த அறையில் அவனுடைய பாட்டு ஒலித்திருக்கிறது. அவனுக்கு மட்டும் என்று அவள் வைத்திருந்த ரிங்டோன். அவன் அழைக்கும்போது அவன் பக்கத்தில் இருக்க மாட்டான், ஆகவே அவன் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. அவனுடைய பாட்டு எதையும் அவள் முழுசாகக் கேட்டதில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவன் பாட ஆரம்பித்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிறவள் அவள்.

அவன் மீண்டும் மீண்டும் அழுத்தினான். இப்போது அவள் எடுப்பாள் என்று அழுத்தவில்லை. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று அழுத்தினான். அது ஒலிக்கிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவனாகவே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். அவன் குலசாமியை அப்படிக் கும்பிட்டதில்லை.

காட்டுப் பாதையில் ஹாரன் சத்தம் கேட்டது. குட்டி யானை என்று இங்கே சொல்கிற சின்ன லோடு வண்டி குலுங்கிக்கொண்டு வந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைமுடி, புருவம், சேலை எல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மணிகண்டராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இல்லை. அடுத்தது, இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து ஒருத்தி இறங்கினாள். கையில் டிபன் பாக்ஸ் பை.

அனுப்பிரியா நேராக அவனிடம் வந்தாள். அவன் காதில் போன் இருப்பதைப் பார்த்தாள். காவல் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள். வெள்ளிப் பொடி பூசிய முகத்தில் வெட்கம் வந்ததை அவன் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தான்.

"என்னத்துக்கு இத்தன தடவ அடிக்கீக?" என்றாள். "போன் உள்ள கொண்டுபோக மாட்டோம்னு தெரியாதா?"

மணிகண்டராஜ் அழுதான். நின்ற இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கம்பெனி வாசலில், பெரியவர்கள் முன்னால் அதெல்லாம் முடிகிற காரியமில்லை. அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அழாதீக. எல்லாரும் பாக்காக." அவளுக்கும் குரல் உடைந்தது. "ஒண்ணும் ஆகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெயில்ல காயப்போட்டிருந்த சரக்குல பிடிச்சுருச்சு. நாங்க எல்லாரும் அந்தக் கடைசியில மரத்தடியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு ஷெட்டு போச்சு, அம்புட்டுத்தான். ஓடும்போது ஒரு அண்ணனுக்குக் கால் பெசகிருச்சு."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது வாய்க்கு வாய் பரவியது. கேட் திறந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் திட்டினார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டியிடம், சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அனுப்பிரியா சங்கையாவிடம் போனை வாங்கி முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். "எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திரும்பும்போது சபரிநாதன் பைக்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டான். மணிகண்டராஜ் மெதுவாக ஓட்டினான்.

"அந்தப் பாட்டு," என்றான்.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள். "மொட்ட மாடியில துணி காயப்போடும்போது பாடுவீகள்ல, அது. படியில நின்னு போன்ல ரெக்கார்ட் எடுத்தேன். நீங்க பாடுறது உங்களுக்கே தெரியாது. மத்த பாட்டெல்லாம் எனக்குத் தலவலி."

வீட்டுக்குப் போகவில்லை, குடோனுக்குப் போனார்கள். அவள்தான் போகச் சொன்னாள். சாயங்காலக் கெடுவைச் சபரிநாதன் கம்பெனி வாசலில் அவளிடம் சொல்லியிருந்தான். அவளுக்கு அது நினைவிருந்தது, அவனுக்கு இல்லை. வெள்ளிப் பொடியோடு ஒரு காலண்டர் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அவளுடைய போனிலிருந்த மெட்டை மூன்று பேரும் கேட்டார்கள். செந்தூர்பாண்டி முதல் தடவையாகக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த காலண்டர் கட்டை உள்ளங்கையால் தட்டினான். சபரிநாதன் நாலே நாலு கம்பியைத் தொட்டான். வார்த்தைக்கு மணிகண்டராஜ் எங்கும் போகவில்லை. அன்றைக்கு முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னான்.

எடுத்துவிடு,
எதுவும் பேச வேண்டாம்,
எதிர்முனையில் நீ
இருக்கிறாய் என்றால் போதும்.

அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அப்படியே பாடினான், அப்படியே அனுப்பினான். அன்பரசனிடமிருந்து பதில் வர நேரமாகவில்லை. "சார் ஒண்ணும் சொல்லல பிரதர். எந்திரிச்சு வெளிய போயிட்டார். இதுதான்னு அர்த்தம்." பிறகு சென்னையில் பெரிய ஸ்டூடியோவில் நிறுத்தி, நல்ல தொண்டையோடு எத்தனையோ தடவை பாட வைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. படத்தில் நீங்கள் கேட்பது திருத்தங்கல் குடோனில் பாடின அந்தக் கட்டின தொண்டைதான்.

உண்மைக் கதையை வெளியே சொல்ல வேண்டாம் என்றவள் அனுப்பிரியாதான். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் இதே கததான். நம்ம வீட்டுக்கு மட்டும் நடந்த மாதிரி டிவியில உக்காந்து சொல்லாதீக," என்றாள். அதனால்தான் மதுரை பஸ், கனவு, மழை எல்லாம்.

பாட்டு ஜெயித்தது, குழுவுக்கு அடுத்தடுத்துப் படம் வந்தது. மணிகண்டராஜ் மட்டும் உள்ளுக்குள் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் ஏதாவது லேப் வேலை பார்க்கலாமே என்று அவளிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"அங்கன போனா எனக்குச் சிமெண்டு பத்தி என்ன தெரியும்? நான் பாத்துப் பாத்துக் கலந்தாத்தான் இங்கன நாலு பேரு நிம்மதியா உக்காந்து வேல பாப்பாக," என்றுவிட்டாள்.  காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவள் அவனுக்கு எட்டாத இடத்தில் இருந்தாள். தினமும் மத்தியானம் எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே ஒரு தடவை கூப்பிட்டான். சங்கையா மட்டும் கேட்டு ரசித்தார்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான். அனுப்பிரியா இறங்கினாள். வழக்கமாகச் சோர்ந்து வருகிறவள் அன்று வேறு மாதிரி இருந்தாள். பைக்கில் ஏறாமல் நின்றாள்.

"இன்னைக்குப் புஸ்வாணம் ரூம் பக்கம் போனேன்," என்றாள். "வேலுத்தாய் அக்கா மருந்து அடைச்சுக்கிட்டே பாடிக்கிட்டு இருந்தாக. மெதுவா, வாய்க்குள்ளயே. ரூம்ல இருந்த மத்தவகளும் சேந்துக்கிட்டாக. உங்க பாட்டு."

மணிகண்டராஜ் அவளையே பார்த்தான்.

"வேல நேரத்துல பாடக் கூடாதுன்னு நான்தான் உள்ள போயிச் சொல்லணும். போகல. வெளிய வெயில்ல நின்னு முடியிற வரைக்கும் கேட்டேன். அங்கன ஒரு போனும் உள்ள வந்தது கெடையாது. ஆனா இன்னைக்கு நீங்க பாட்டாலயே கூப்பிட்டுட்டீக."

 "நீ என்ன பண்ணுன?" என்றான்.

அனுப்பிரியா பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளில் கை வைத்தாள்.

"எடுத்துட்டேன்னு வெச்சுக்கங்க," என்றாள். "இனிமே மத்தியானம் அடிக்காதீக."